சிம்னியில் புகை இல்லாத நாள்

காபி எஸ்டேட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் மலை காலடியிலேயே இறங்கிப் போய்விடும். கீழே சமவெளி. வெகுதூரத்தில் அணைத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரியும். அதற்கு இந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் இரண்டு சிம்னிகள், நட்டு வைத்த ஊதுவத்திகள் மாதிரி. மஞ்சு மூடி மறைக்காத காலைகளில் வேலைக்குப் போகிற சனம் பாறையைக் கடக்கும்போது நின்று அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும். ஒன்றில் புகை வருகிறதா, இரண்டிலுமா, எந்தப் பக்கம் சாய்கிறது. மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது போல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் பெரியண்ணன்.

அவர் அந்தச் சிம்னிகளுக்கு அடியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். கரண்டு தயாரிக்கிற இடத்தில் வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காண்ட்ராக்டருடைய ஆள். நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை மண்வெட்டியால் அள்ளி மறுபடி பெல்ட்டிலேயே போடுகிற வேலை. எட்டு மணி நேரம் அள்ளினால் எட்டு மணி நேரமும் சிந்தும். துப்பினால் கருப்பு. லீவுக்கு மலைக்கு வந்து மூன்றாம் நாள் குளித்தாலும் துண்டில் கருப்பு. கம்பிகள் புறப்படுகிற இடத்தைச் சுற்றி ஒரு வேலி உண்டு. பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அவரை அந்த வேலிக்கு உள்ளே விட்டதில்லை. அதை மட்டும் அவர் மலையில் யாரிடமும் சொன்னதில்லை.

நெஞ்சு கெட்டுப்போய், இருமலோடு அவர் திரும்பி வந்து எட்டு வருடம் ஆகிறது. எஸ்டேட்டில் அவருக்கு ஒரு பெயர் காத்திருந்தது. கரண்டு பெரியண்ணன். யார் வீட்டில் லைட் எரியவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் போய் நின்று, மீட்டர் பெட்டியை முறைத்துப் பார்த்து, "மேல பழுதுங்க, தன்னால வந்துரும்" என்பார். பெரும்பாலும் வந்துவிடும்.

அந்த நிலையத்திலிருந்து புறப்பட்ட பெரிய லைன் ஒன்று டவர் டவராக மலையேறி எஸ்டேட்டின் நடுவே போகிறது. அதற்கு அடியில் ஒரு கிரிக்கெட் மைதானம் அகலத்துக்கு மரங்களை வெட்டி வைத்திருப்பார்கள். கம்பித்தடம் என்று அதற்குப் பேர். ஆறு வருடமாக வெட்டுக்கு யாரும் வரவில்லை. வெட்டின சில்வர் ஓக்குகள் எல்லாம் துளிர்த்து மேலே போய்விட்டன. நிழல் இல்லாத இடமாதலால் அந்த மரங்களில் ஏறிய மிளகுக் கொடி வெறி பிடித்தது போலக் காய்த்தது. மற்ற இடத்தில் இரண்டு மரம் பறித்தால் கிடைப்பது அங்கே ஒரு மரத்தில் கிடைக்கும். ஆனால் மேலே கம்பி. யாரும் ஏறுவதில்லை. குருவி தின்றுவிட்டுப் போகும்.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு டீ நேரத்தில் லூர்துசெல்விதான் பேச்சைத் தொடங்கியது. கிளியூர்க்காரி. ஐம்பதைத் தாண்டியவள். வாய்க்கு வேலி கிடையாது.

"ஏனுங்க கரண்டண்ணா, இந்தக் கம்பியில எப்பவும் கரண்டு இருக்குதுங்களா, இல்ல நம்ம ஊட்டுக் குழாயாட்டம் வந்து வந்து போகுதுங்களா?"

பத்துப் பேர் டீ டம்ளரோடு அவர் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வாயில் வரவில்லை.

"அங்க புகை வந்தாத்தான் இங்க கரண்டு. கரி எரிஞ்சாத்தான் கம்பியில உசுரு. ரெண்டு சிம்னியும் நின்னுருச்சுன்னு வையுங்க, இது வெறும் துணி காயப்போடுற கம்பிதான்."

"அப்ப நம்ம ஊட்டு லைட்டு?"

"சேலத்துல பெரிய பவர்ஹவுஸ்ல சேத்து வெச்சிருப்பாங்க. தண்ணித் தொட்டியாட்டம். அதுலருந்து தனியா வரும்."

சொன்ன பிறகு அவருக்கே அது உண்மை மாதிரிப் பட்டது. கேட்டவர்களுக்குக் கேட்க வேண்டுமா?

மூன்று வருடத்துக்கு முன் மாசி மாதத்தில் இரண்டு சிம்னியும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றன. எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற ரைட்டர் டோமினிக் பாறையில் நின்று பார்த்தார். பெரியண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். பெரியண்ணன் சரி என்று தலையை ஆட்டினார். மூங்கில் ஏணிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கம்பித்தடத்துக்குள் இறங்கினார்கள். அன்றைக்கு மரங்கள் இவ்வளவு உயரமில்லை. ஏணியும் பன்னிரண்டு அடிதான். கை எட்டியவரை பறித்துவிட்டு வந்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் பெரியண்ணனின் சொல் எஸ்டேட்டில் சட்டமாகிவிட்டது.

*

இந்த வருடம் தை முடிகிற சமயம். இரண்டு நாளாகப் பெரியண்ணனுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. காலையில் மகள் கவிப்பிரியா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஆண்கள் பாதிப் பேர் கட்டட வேலைக்குக் கோயமுத்தூர் போய்விட்டதால் இப்போது பெண்களும் ஏணி ஏறுகிறார்கள். அதில் அவளைப் போல ஏறுகிறவர்கள் யாரும் இல்லை என்று ரைட்டரே சொல்லுவார்.

"அப்பா, இன்னைக்கு ரெண்டுலயும் புகையில்லப்பா. கம்பித்தடத்துக்குள்ள எறங்கலாம்னு ரைட்டர் சொல்லியுட்டாரு. உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

பெரியண்ணன் போர்வைக்குள் இருந்தபடியே, "ரெண்டுலயுமே இல்லியா?" என்றார்.

"சுத்தமா இல்ல."

"அப்பறம் என்ன. போ சாமி."

அவள் போய்விட்டாள். மனைவி முத்தாயி உள்ளே மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி கத்தியது. சமையல்கட்டில் பல்பு எரிந்தது. பெரியண்ணன் படுத்தபடி அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு மங்கல் இல்லை. இரண்டு சிம்னியும் நின்று, எத்தனையோ ஊருக்காக எரிய வேண்டிய கரி எரியாமல் கிடக்க, இது மட்டும் எங்கிருந்து இப்படி எரிகிறது? தொட்டி என்று சொன்னோமே, அந்தத் தொட்டியை நாம் பார்த்திருக்கிறோமா? யாராவது பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்களா?

"ஏனுங்க, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று முத்தாயி கேட்டாள்.

"போனைக் குடு" என்றார்.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. போர்வையோடு நடந்து மொட்டைப் பாறைக்குப் போனார். சிம்னிகள் இரண்டும் அடுப்பணைந்த வீடு மாதிரி நின்றன. அவருடன் பெல்ட்டில் கரி அள்ளிய மாதையன் இப்போதும் அங்கேதான் இருக்கிறான். நான்கு வருடமாக அவனை அந்த வேலிக்குள் புல் வெட்டுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஐந்தாவது மணியில் எடுத்தான்.

"என்னுங்ணா, அதிசயமா இருக்குது! இருமல் எப்படி இருக்குது?"

"அது கெடக்கு. அங்க ரெண்டும் நின்னுருச்சா?"

"நேத்து ராத்திரி ஒண்ணு, விடியக்காலம் ஒண்ணு. பாய்லர்ல குழாய் ஓட்டை. நாலு நாளாவது ஆகுமுங்க."

"அப்ப மலைக்கு வர்ற லைன்ல கரண்டு இல்லதான?"

மாதையன் சிரித்தான். 

"எப்படிங்ணா இல்லாம இருக்கும்? நாங்க நின்னுட்டா எங்களுக்கு லைட்டு வேண்டாமா, மோட்டார் ஓட வேண்டாமா? அந்த லைன்லதான் வேற ஊருலருந்து கரண்டு இங்க வருது. எல்லாக் கம்பியும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுங்க. எங்க ஊத்துனாலும் எல்லா எடத்துலயும் நிக்கும்."

"புகையில்லாதப்பவுமா?"

"புகைக்கும் கம்பிக்கும் என்னுங்ணா சம்பந்தம்? நாங்க புல்லு வெட்டப் போறதுன்னாக்கூட இஞ்சினீயர் லைனைக் கட் பண்ணி, கம்பியைத் தரையோட சேத்து எர்த்து மாட்டி, கரண்டு இல்லன்னு சீட்டு எழுதிக் கையில குடுத்தாத்தான் காலே வெப்போம். கம்பி செத்துருச்சுன்னு எங்க பெரிய ஆபீசரே கண்ணால பாத்துச் சொல்ல மாட்டாரு. ஏனுங்ணா, எதுக்குக் கேக்கறீங்க? அண்ணா?"

பெரியண்ணன் அழைப்பைத் துண்டித்தார். ரைட்டருக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார். அதே குரல், அதே நிதானம்.

போர்வையைப் பாறையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

ஓடினார் என்று சொல்லலாமே தவிர, அது ஓட்டம் இல்லை. ஐம்பது தப்படி வைப்பதற்குள் நெஞ்சுக்குள் யாரோ கரியை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியது போல அடைத்தது. ஒரு காபிச் செடியைப் பிடித்து நின்று இருமினார். மறுபடி நடந்தார். கம்பித்தடத்துக்கு முக்கால் மைல். அதில் பாதி ஏற்றம். போன வாரம் எஸ்டேட்டுக்கு வந்து இறங்கிய புது ஏணிகள் ஞாபகம் வந்தன. அலுமினியம். கயிற்றை இழுத்தால் உள்ளேயிருந்து இன்னொரு ஏணி மேலே போகும். மொத்தம் இருபத்திரண்டு அடி. ஒரு பெண்ணே ஒற்றை ஆளாகத் தூக்கலாம். கவிப்பிரியா அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்கப்பா, பட்டம் மாதிரி இருக்குது" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார்.

வழியெல்லாம் ஒரு சத்தம் வருமா என்று காது கொடுத்துக்கொண்டே போனார். என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியாது. மஞ்சு மூடிய நாட்களில் கம்பி சுருசுருவென்று இரையும். இன்றைக்கு வெயில். ஒரு இரைச்சலும் இல்லை. அது இரையாமல் இருந்ததுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

*

கம்பித்தடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு சில்வர் ஓக்கில் புது ஏணியை முழுநீளத்துக்கு இழுத்துச் சாத்தியிருந்தார்கள். லூர்துசெல்வி அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கவிப்பிரியா மேலே, பாதிக்கு மேல் ஏறியிருந்தாள். தோளில் தொங்கிய மிளகுச் சாக்கு அரைவாசி நிறைந்திருந்தது. அவள் கனத்தில் அந்த மெல்லிய மரம் ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. ஏணியின் நுனி இலைக்கு மேலே நீட்டிக்கொண்டு வெயிலில் மின்னியது. அதற்கு மேலே கம்பி. இடையில் ஒன்றரை ஆள் உயரம் இருக்கும். அவ்வளவுதான்.

பெரியண்ணனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அவள் பதறித் திரும்புவாள், ஏணி ஆடும். கத்துவதற்கு மூச்சும் இல்லை. ரைட்டர் டோமினிக்கின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"எறக்குங்க. பிள்ளையை எறக்குங்க."

"என்னண்ணா, காய்ச்சலோட எதுக்கு வந்தீங்க? உக்காருங்க முதல்ல. தண்ணி குடுங்கம்மா யாராவது."

"கம்பியில கரண்டு இருக்குது."

டோமினிக் மேலே பார்த்தார். பிறகு மேற்கே கை காட்டினார். "நானே காலையில பாத்தனுங்க. ரெண்டுலயும் ஒரு இழை புகையில்ல. நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னது பொய்."

"காய்ச்சல்ல பேசறாருங்க" என்றாள் ஜெயகுமாரி என்கிற ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"போன தடவையும் நீங்கதான் சொன்னீங்க, ஒண்ணும் ஆகலையே" என்றார் டோமினிக். அவர் கெட்ட மனுசன் இல்லை. சாயங்காலத்துக்குள் நான்கு மரம் முடிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது. "பதினோரு வருசம் கரண்டு வேலை பாத்த ஆளு, உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுங்க!" என்றார் பெரியண்ணன். இருமல் வந்து வார்த்தையை இரண்டாக வெட்டியது. "நான் கரி கூட்டுன ஆளுங்க. வெறும் கரி. கம்பி போற வேலிக்குள்ள என்னைய ஒரு நாளும் வுட்டதில்ல. நீங்க எல்லாரும் கேட்டீங்க, நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சேர்வராயன் சாமி மேல ஆணையாச் சொல்றேன், எனக்கு ஒண்ணுமே தெரியாது."

சிரிப்பு நின்றது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏணியடியில் நின்ற லூர்துசெல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். எப்போதும் போன்ற குரல் இல்லை அது.

"ரைட்டரே, ஏணியை இழுத்து ஒசத்துனதுலருந்து எனக்குக் கையில எறும்பு கடிக்கிற மாதிரியே இருக்குது. புது ஏணி, அப்படித்தான் இருக்கும்னீங்க. மூங்கில் ஏணி ஒரு நாளும் இப்படிக் கடிச்சதில்ல."

மேலேயிருந்து கவிப்பிரியா, "எனக்குந்தான் அக்கா. முடியெல்லாம் எந்திரிச்சு நிக்குது. நான் குளிருன்னு நெனச்சேன்" என்றாள். பிறகுதான் தகப்பனைப் பார்த்தாள். "அப்பா? நீங்க எதுக்கு வந்தீங்க?"

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. குளிருக்கு இடமே இல்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் பெரியண்ணன். "மேல ஏறாத. கையை மேல தூக்காத. அப்படியே ஒவ்வொரு படியா எறங்கு. சாக்கு இருக்கட்டும், கழட்டாத."

அவள் இறங்கினாள். ஒரு படி. அவள் இறங்க இறங்க மரத்தின் மேல் இருந்த கனம் குறைந்தது. வளைந்து கிடந்த மரம் மெதுவாக நிமிரத் தொடங்கியது. சாத்தியிருந்த ஏணியின் நுனியும் அதோடு நிமிர்ந்து மேலே போனது. பெரியண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"நில்லு!"

அவள் நின்றாள். நுனியும் நின்றது. ஒன்றரை ஆள் உயரம் இப்போது ஒரு ஆள் உயரம் ஆகியிருந்தது. அவள் அங்கேயே நின்றால் மரம் வளைந்தே இருக்கும். இறங்கினால் நிமிரும். தூரத்தில் யாரோ காபிக்கொட்டை கொண்டுபோகும் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

எதைச் சொன்னால் சரி என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொல்லவும் இனி மனசு வரவில்லை. தரைக்கும் அவளுக்கும் நடுவே எவ்வளவு என்று பார்த்தார். பத்தடி இருக்கும். கீழே காபிச் செடி, பாறை இல்லை.

"லூர்து, கையை எடு. எல்லாரும் பின்னால போங்க. இன்னும். அந்த மரத்துக்கு அக்கட்டப் போங்க." அவர்கள் போனார்கள். "சாமி, ஏணியைத் தள்ளாத. ரெண்டு காலையும் ஒண்ணா எடுத்து, ரெண்டு கையும் ஒண்ணா வுட்டுட்டு, பின்னால செடி மேல குதிச்சுரு. தரையில நின்னுக்கிட்டு ஏணியைத் தொட்டுராத."

"பயமா இருக்குதுப்பா."

"எனக்குந்தான் சாமி. குதி."

அவள் குதித்தாள். காபிச் செடி முறிந்தது. சாக்கு கிழிந்து மிளகு சிதறியது. கணுக்கால் மடங்கி அவள் கத்துவதற்குள், மரம் படாரென்று நிமிர்ந்தது.

பார்த்தவர்கள் யாராலும் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. வெள்ளையாக ஒன்று, வெயிலை விட வெள்ளையாக, ஏணி நீளத்துக்கும் இறங்கியது. சத்தம் காதில் இல்லை, நெஞ்சில் அடித்தது. ஏணியடியில், லூர்துசெல்வி நின்ற இடத்தில், மண் புகைந்தது. மிளகுக் கொடியின் இலைகள் ஒரு நொடியில் சுருண்டு கருத்தன. பெரியண்ணன் மகளைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போனார். எப்படி இழுத்தார், எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்பது அவருக்கே தெரியாது.

பிறகு ஒன்றுமில்லை. ஏணி அப்படியே நின்றது. நுனி உருகி வளைந்திருந்தது. கருகின வாசனை. ஜெயகுமாரி தரையில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து டோமினிக்தான் அசைந்தார். "மரம் பத்திக்கும். கீழ சருகு கெடக்குது. ஏணியைத் தள்ளி உட்டுரலாம். இவ்வளவு அடிச்ச பிறகு லைன் கட் ஆயிருக்கும்ல?" என்று இரண்டு தப்படி முன்னால் வைத்தார்.

பெரியண்ணன் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"கட் ஆயிருக்கும்ல, அண்ணா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"சத்தமே இல்லையே."

"தெரியாதுங்க. போகாதீங்க."

டோமினிக் இழுத்தார். பெரியண்ணன் விடவில்லை. சட்டைப் பட்டன் ஒன்று தெறித்தது. அந்த இழுபறியில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தபோதே கம்பி மறுபடி அடித்தது. முதல் முறையை விடச் சுருக்கமாக, முதல் முறையை விடக் கோபமாக. எங்கோ ஓர் ஊரில், இந்த மரத்தையோ இந்தப் பிள்ளையையோ பார்த்திராத யாரோ ஒருவர், லைன் நின்றுவிட்டதே என்று மறுபடி போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

டோமினிக் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

*

போன் கிடைக்கிற இடத்துக்கு ஆள் போய் மின்வாரியத்துக்குச் சொல்லியாயிற்று. கவிப்பிரியாவை ஜீப்பில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. கணுக்கால்தான், எலும்பு இல்லை என்று சொன்னார்கள். சருகு பற்றவில்லை, அடியில் காலைப் பனி ஈரம் இன்னும் இருந்தது.

பெரியண்ணன் மட்டும் கம்பித்தடத்துக்கு வருகிற வழியில், ஒரு காபிக் கிளையைக் குறுக்கே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். லைன் ஆட்கள் சீட்டோடு வரும்வரை ஒரு ஆளையும் உள்ளே விடுவதில்லை என்று. மத்தியானம் ஆயிற்று. அவர்கள் வரவில்லை. விஷயம் கேட்டு வேடிக்கை பார்க்கப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏணி இன்னும் மரத்தில் சாய்ந்து நின்றது. வெயில் தாழத் தாழ மேற்கேயிருந்து காற்று வந்தது. மரம் ஆடியது. உருகிய நுனி கம்பிக்குப் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் நின்றவர்கள் எல்லாரும் ஒரு தப்படி பின்னால் போனார்கள்.

லூர்துசெல்வி ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"இப்ப அதுல இருக்குதா, இல்லியாண்ணா?"

வழக்கம் போல எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. பெரியண்ணன் டீயை வாங்கிக்கொண்டார். கம்பியைப் பார்த்தார். அது நீலத்தில் கோடு போட்டது போல, சத்தமில்லாமல், டவரிலிருந்து டவருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது லூர்து" என்றார். "தள்ளியே நில்லு."

மரம் மறுபடி ஆடியது.